வெள்ளை ஈக்குத் தீனி

தட்டினால் பறக்கிறது வெள்ளை. இலையின் அடியிலிருந்து, காலை வெயிலில், அடுப்புச் சாம்பலை ஊதியதுபோல. ஒரு கணம் காற்றில் நிற்கிறது. மறுபடி இலைக்கே வந்து ஒட்டிக்கொள்கிறது.

வெள்ளை ஈ. எள்ளில் பாதி இருக்காது. மாதப்பனின் மூன்று ஏக்கர் தக்காளியைக் கொன்றது அதுதான்.

சுருட்டை நோயைச் செடி செடியாக ஏற்றியது. இலை சுருண்டது. மஞ்சளானது. பூ கொட்டியது. வாரம் இரண்டு தடவை மருந்து அடித்தான். இருந்த ஈ செத்தது, பக்கத்துக் காட்டிலிருந்து புது ஈ வந்தது. கடைசியில் அத்தனையையும் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தான். பச்சைச் செடி எரியாமல் புகைந்தது. எரியும்வரை டீசல் ஊற்றினான்.

இப்போது அந்த ஈயை வளர்ப்பதுதான் அவனுக்கு வேலை. விதிக்கும் நக்கல் உண்டு.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு விதை ஆராய்ச்சிப் பண்ணை. வலைக்குடிலுக்குள் நோய்ச்செடிகள், அவற்றில் நோய் குடித்த ஈக்கள். அவற்றைக் கொண்டுபோய் இளங்கன்றுகளின் மேல் உதற வேண்டும். எந்தக் கன்று சாகாமல் நிற்கிறதோ அது மட்டும் வேண்டும். மற்றதெல்லாம் குப்பைக்கு. அப்படிச் சொன்னவள் எழிலரசி, பண்ணையின் விஞ்ஞானி, அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

அந்தக் கன்றுகளின் வம்சத்தில் ஒரு காட்டுத் தக்காளி உண்டு. கடலுக்கு அப்பால், மலைச்சரிவில் பிறந்தது. உடம்பெல்லாம் பிசின் கசியும் முடி. தொட்டால் கை நாறும். பழுத்தாலும் பச்சை, கடித்தால் கசப்பு. ஆனால் அதில் உட்கார்ந்த ஈ எழுந்ததில்லை. கால் ஒட்டும். இறக்கை ஒட்டும். துடித்துத் துடித்துச் சாகும்.

அந்த மூர்க்கத்தைத் தோட்டத் தக்காளிக்குள் இறக்க எழிலரசிக்கு ஆறு வருடம் ஆனது. மொட்டைப் பிளப்பாள். இடுக்கியால் மகரந்தப் பைகளைப் பிய்த்து எறிவாள். காட்டுப் பூவின் தூளை வைப்பாள். பிஞ்சிலேயே கருகியதுதான் அதிகம். பிழைத்ததைத் தோட்டத் தக்காளியோடு மறுபடி சேர்த்தாள். மறுபடி. மறுபடி. போன கோடையில் காட்டுச் செடியும் பட்டுப்போனது. மிஞ்சியது அந்தக் கலப்பில் விளைந்த ஒரு கைப்பிடி விதை.

நானூறு கன்று. மூன்றாம் இலை விட்டதும் மாதப்பன் ஈயை உதறினான்.

மறுநாள் ஞாயிறு. எழிலரசி ஊரில் இல்லை. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தான். அடியெல்லாம் வெள்ளை. விவசாயியின் கை அது, ஈயைக் கண்டால் மூளையிடம் அனுமதி கேட்காது. மருந்து டேங்கைத் தோளில் மாட்டினான். நானூறுக்கும் அடித்தான்.

திங்கள் காலை அவள் குடிலுக்குள் வந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. தரையெல்லாம் செத்த ஈ. கன்றுகள் பச்சையாக, பளபளப்பாக நின்றன. மருந்து செடிக்குள் ஏறிவிட்டது, ஒரு மாதத்துக்கு ஈ அண்டாது, அதற்குள் கன்று முற்றிவிடும், முற்றிய செடியில் இந்தச் சோதனை செல்லாது. எல்லாவற்றையும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நானூறையும் காப்பாத்திட்டீங்கண்ணா. இதுல எது தானா நிக்கும்னு நான் இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

நானூறையும் அவளே பிடுங்கினாள். வேர் அறுபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. அவன் உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வேலையை விட்டு அனுப்புவாள் என்று நினைத்தான். அனுப்பவில்லை. இவ்வளவு கொழுத்த ஈயை வேறு யார் வளர்ப்பது? அன்று சாயந்திரம் கடப்பாரையால் மருந்து டேங்கை அடித்து நொறுக்கினான். பிளாஸ்டிக் சில்லு தெறித்து நெற்றியில் ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

மீதி இருந்தது அறுபது விதை. ஐம்பத்தெட்டு முளைத்தது. அதுவும் போனால் ஆறு வருடமும் மண்.

மாதப்பன் ஈயை உதறினான். இந்தத் தடவை இரண்டு மடங்கு. உதறிவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். ஈக்கள் குடித்தன. அவன் பார்த்தான். மழை வந்தது, நின்றது, அவன் பார்த்தான்.

பத்தாம் நாள் முதல் இலை சுருண்டது. பிறகு சாவு வரிசை வரிசையாக நடந்தது. சுருண்டதை எல்லாம் அவனே பிடுங்கினான். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது தன் மூன்று ஏக்கரை மறுபடி பிடுங்கினான். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தேழு.

ஒன்று நின்றது. குட்டையாக, முரட்டு முடியோடு. இலையெங்கும் ஈக்களின் பிணம்.

அதிர்ஷ்டத்தில் தப்பியதாகவும் இருக்கலாம், இன்னொரு தடவை விட்டால்தான் தெரியும் என்றாள் எழிலரசி. ஈ அடைத்த கூண்டை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

மாதப்பன் எடுத்தான். இருந்த ஈ மொத்தத்தையும் அந்த ஒற்றைச் செடியின் மேல் கொட்டினான். கொட்டும்போது அவனுக்குச் செடிமேல் இரக்கமும் இருந்தது, ஈமேல் கொலைவெறியும் இருந்தது.

பன்னிரண்டு நாள். பதினைந்து. இருபத்தெட்டாம் நாள் நுனியில் புதுத்தளிர் விரிந்தது. சுருளவில்லை. நேராக, பச்சையாக, வெயிலை வாங்கிக்கொண்டு நின்றது.

"இதுக்கு மருந்து வேணாம் மேடம்," என்றான். சொல்லிவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.