என்கொயரி அக்காவின் குரல்

சும்மா கிடந்த லேப்டாப்பை இவரை யார் தொடச் சொன்னது? ஆறு மாதமாக அதன் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. புதிய பதிப்பு தயார், இப்போது மாற்றலாமா என்று. அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் ‘பிறகு’ என்பதைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவள் விவரம் தெரிந்தவள். இவர் சாவிக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே நாலடிக்கு ஆறடிக் கடையில் உட்கார்ந்து, சாவியைத் தொலைத்துவிட்டு முழிக்கிறவர்களுக்கு டூப்ளிகேட் சாவி செய்து கொடுக்கிறவர். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கைக்குத் திறக்காத பூட்டு என்று ஒன்று கிடையாது. அந்தத் தெனாவட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அந்த லேப்டாப் சாதாரண லேப்டாப் இல்லை. அதற்குள்தான் அவர் மனைவியின் குரல் இருந்தது.

பத்தொன்பது வருஷம் பேருந்து நிலைய விசாரணைக் கவுண்ட்டரில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவள் அவள். எந்த வண்டி எத்தனையாவது பிளாட்பாரம், எது தாமதம், எது ரத்து, எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். பயணிகளுக்கு அவள் என்கொயரி அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் பதினோரு நாள் ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தாள். அதை வைத்து அவள் குரலையே ஒரு மென்பொருளுக்குள் செய்து கொடுத்தார்கள். தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும், லேப்டாப் அவள் குரலில் பேசும்.

ஆனால் அலுவலகத்தில் அவளைப் பதிவேட்டு அறைக்குத் தள்ளிவிட்டார்கள். கோப்பும் தூசியும்தான் துணை. திரும்பக் கவுண்ட்டருக்கு அனுப்புங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தாள். கடைசியில் இறங்கி வந்தார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூன்று அதிகாரிகள் முன்னால் அந்த இயந்திரத்தோடு வந்து பேசிக் காட்ட வேண்டும். திருப்தியென்றால் கவுண்ட்டர். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை பதிவேட்டு அறை, இனிமேல் மனு கினு என்று யாரும் வரக்கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலையில் இருந்தாள். சாவிக்காரர் வீட்டில் தனியாக லேப்டாப்பைப் பார்த்தார். திங்கட்கிழமை அவ்வளவு பெரிய காரியம் இருக்கிறது, இது ஆமையாய் நகர்கிறதே, சுறுசுறுப்பாக்கி வைத்தால் அவள் சந்தோஷப்படுவாளே என்று நினைத்தார். நினைப்பில் ஒரு குற்றமும் இல்லை. அறிவிப்பு வந்தது. ‘சரி’ என்று அமுக்கினார். பழையபடி வைத்திருக்கவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. புதிதுதானே நல்லது! மொழி எது என்று கேட்டது. தமிழ். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. கொஞ்சம் யோசித்து ஒரு பெயரைப் போட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து லேப்டாப் புதுப் பெண்ணாட்டம் பளபளவென்று எழுந்து வந்தது.

பேசுகிற மென்பொருளைத்தான் காணோம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பென்டிரைவ் அலமாரியில் இருந்தது; அதில் மென்பொருள் மட்டும்தான், குரல் கிடையாது. அதைச் செருகி மறுபடி நிறுவப் பார்த்தார். பச்சைக் கோடு அறுபத்துமூன்று வரைக்கும் ஓடியது, நின்றது, பிறகு வந்த வழியே பின்னால் போய்ப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. ‘நிறுவ முடியவில்லை.’ இன்னொரு தரம். அறுபத்துமூன்று. ஏழு தரம் முயன்றார். எந்தப் பூட்டும் இந்த மாதிரி அவர் முகத்தில் அடித்ததில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். இவர் நின்ற தினுசைப் பார்த்ததுமே ஏதோ வம்பு என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து எழுதினாள்.

‘யார் தொடச் சொன்னது?’

“உனக்காகத்தாம்மா... ஸ்பீடா இருக்கட்டுமேன்னு...”

அவள் கத்தியிருந்தால் தேவலை. பழைய காலத்தில் என்றால் வெளுத்து வாங்கியிருப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், அரை மணியில் எல்லாம் ஓய்ந்திருக்கும். இப்போது கழுத்தில் கட்டிய மெல்லிய துணி மூச்சுக்கு ஏறி இறங்குவதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. பிறகு நோட்டில் இன்னொரு வரி எழுதி அவர் பக்கம் தள்ளினாள். ‘சாப்பிட்டீங்களா?’ அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு மாடி இறங்கி ‘ரீஸ்டார்ட்’டைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவள் முதலில் சொல்வது “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்பதுதான். அதனால் கட்டடம் முழுக்க அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணா?”

“ஏழு வாட்டி பண்ணியாச்சும்மா. மொதல்ல ஒண்ணு பாரு. இவ குரல் உள்ள இருக்கா, போயிடுச்சா?”

அவள் எங்கெங்கோ திறந்து தேடினாள். சாவிக்காரர் நாற்காலியின் பின்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காது முழுக்க இங்கேதான்.

“இருக்கு அக்கா! புதுசா போடுறப்போ பழசையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல கட்டி ஓரமா வெச்சிருக்கு. பத்து நாள் வெச்சிருக்கும், அப்புறம் தானாவே அழிச்சிடும். நல்லவேளை இன்னைக்கே கூப்பிட்டீங்க.” உடனே அதைத் தன் பென்டிரைவில் ஒரு பிரதி, லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். சாவிக்காரர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

குரல் இருந்தது. ஆனால் அதைப் பேசவைக்கிற மென்பொருள் ஏறினால்தானே? ரீஸ்டார்ட் தன் வித்தையெல்லாம் காட்டினாள். அனுமதியை மாற்றினாள். பழைய பதிப்பு மாதிரியே நடிக்கச் சொல்லி அமைத்தாள். என்னென்னவோ துணைக் கோப்புகளை இறக்கினாள். பச்சைக் கோடு ஒவ்வொரு தடவையும் அறுபத்துமூன்றுக்கு வந்து திரும்பிப் போயிற்று. செய்து கொடுத்த கம்பெனியைக் கேட்கலாமென்றால் அதை மூடிப் பல மாதமாகிறது. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு விடுமுறை.

“அக்கா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போன்ல இருக்கிற குரலை வெச்சுச் சமாளிக்கலாமா?” என்று தன் கைபேசியில் எதையோ தட்டினாள். வழவழவென்று ஒரு பெண் குரல், “வணக்கம். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்” என்றது.

மனைவி முகத்தைச் சுளித்து நோட்டில் எழுதினாள். ‘இவ யாரு?’

ரீஸ்டார்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவிக்காரருக்கு வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு ஊரே கேட்ட குரல் இருக்கும்போது இரவல் குரலில் போய் நிற்பாளா இவள்? மாட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

“சரி, இது எங்கதான் முட்டுதுன்னு பாத்துடலாம்” என்று ரீஸ்டார்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். மென்பொருள் ஏறும்போது தான் செய்கிறதையெல்லாம் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைக்குமாம். அதைத் திறந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. நானூறு வரி தாண்டி விரல் நின்றது.

“இது என்ன, நடுவுல வரிசையா கேள்விக்குறி?”

“என்னம்மா?”

“எந்த ஃபோல்டர்ல போய் உட்காரணும்னு தேடுது. அந்த ஃபோல்டர் பேர் இருக்கவேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா இருக்கு. இந்த மென்பொருள் பழசு அண்ணா, இதுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். வேற எதைப் பாத்தாலும் திருதிருன்னு முழிக்கும்.” சட்டென்று நிமிர்ந்தாள். “புதுசா போடுறப்போ உங்க பேர் என்னன்னு கேட்டிருக்குமே. என்ன போட்டீங்க?”

சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். “அவ பேருதான்.”

“தமிழ்லயா?”

“தமிழ்லதான். ஆனா...”

“ஆனா?”

“அது ஆபீஸ் பேர் இல்ல.”

“பின்ன?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பத்துமூன்று வயது ஆளுக்குக் காது மடல் சிவப்பதை ரீஸ்டார்ட் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆளை விட்டுவிட்டு லேப்டாப்பிடமே கேட்டாள். பயனர்களின் ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஒரே ஒரு பெயர் இருந்தது.

வாயாடி.

கல்யாணமான வாரத்திலேயே அவர் வைத்த பெயர் அது. கவுண்ட்டர் வேலை வந்த பிறகு எட்டு மணி நேரம் மைக்கில் பேசிவிட்டு வந்தும் சாப்பிடும்போது பேசுவாள், விளக்கை அணைத்த பிறகும் பேசுவாள். “ஏய் வாயாடி, மூச்சு விட்டுக்கோ” என்பார். இருபத்தைந்து வருஷம் வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்த அன்றைக்கு நிறுத்தினார். அதற்குப் பிறகு ‘ஏம்மா’, ‘இந்தாம்மா’தான்.

மனைவி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தாள். திரைக்கு நேராகக் குனிந்து அந்தப் பெயரைப் பார்த்தாள். அதன் மேல் விரலை வைத்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இப்போதெல்லாம் இரண்டுக்கும் அவளிடம் ஒரே காற்றுச் சத்தம்தான். சாவிக்காரர் பயந்துபோய், “இல்லம்மா, கை தானா போயிடுச்சு, தப்பா எடுத்துக்காத” என்றார்.

ரீஸ்டார்ட் இரண்டு பேரையும் பார்க்காமல் பரபரவென்று வேலையைப் பார்த்தாள். புதிதாக ஒரு கணக்கைத் திறந்து அக்காவின் ஆபீஸ் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டாள். அதற்குள் போய் நிறுவலைத் தொடங்கினாள். ஐம்பது. அறுபது. அறுபத்துமூன்று. அறுபத்துநாலு.

“ஏறிடுச்சு!” என்று சாவிக்காரர் கட்டிலில் இருந்து துள்ளினார். நூறைத் தொட்டதும் ரீஸ்டார்ட் குரல் கோப்புகளை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“அக்கா, அந்த இன்னொரு பேரு இனிமே தேவையில்ல. அழிச்சிடவா?”

மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே பதில் இருந்தது. “சரி சரி, இருக்கட்டும். அது பாட்டுக்கு ஓரமா இருக்கும், ஒரு தொந்தரவும் இல்ல” என்று சொல்லிவிட்டு, டீயைச் சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று அவளாகவே சமையலறைக்குள் போய்விட்டாள். நல்ல பெண்.

மனைவி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின. ஒரு நொடி கழித்து அந்த அறையில் அவள் குரல் எழுந்தது. கொஞ்சம் கணீர், கொஞ்சம் கரகரப்பு, கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுக்கிற அதே குரல்.

“ரெண்டு வருஷமா ஏன் அப்படிக் கூப்பிடலை?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்றுதான் தயாராக நின்றார்.

“எப்படிம்மா கூப்பிடுவேன்? உன்னைக் குத்திக்காட்டுற மாதிரி ஆயிடாதா?”

“நான் வேற மாதிரி நினைச்சேன். இனி இவளை அப்படிக் கூப்பிட என்ன இருக்குன்னு விட்டுட்டீங்கன்னு.”

“ஐயையோ! இல்லம்மா! மனசுக்குள்ள தினமும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தேன். அதான் பேர் கேட்டதும் அது வந்துடுச்சு.”

“குரல்வளையைத்தான் எடுத்தாங்க. வாயை எடுக்கலை. கூப்பிடுங்க.”

சாவிக்காரர் இரண்டு தடவை செருமினார். இத்தனை வருஷம் சர்வசாதாரணமாக வந்த வார்த்தை இப்போது வர மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு வழியாக வந்தது.

“வாயாடி.”

“என்ன?” என்றது லேப்டாப், அதட்டலாக. பிறகு விட்டுவைத்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அவரை ஒரு பிடி பிடித்தாள். கேட்காமல் எதையாவது அமுக்குவது, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, பல் வலியை மறைப்பது, ஒன்றையும் விடவில்லை. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். சமையலறையில் டீ பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் ரீஸ்டார்ட் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மனைவி லேப்டாப்போடு உள்ளே போனாள். சாவிக்காரர் வெளியே பெஞ்சில் காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கேள்விகள் வந்தன. நாலரை மணி வண்டி எங்கே நிற்கும்? கடைசி வண்டி ரத்தானால் பயணியிடம் என்ன சொல்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல் தடுமாறாமல் பதில் சொன்னது. அந்தப் பக்கமாகப் போன ஒரு கண்டக்டர் நின்று, “அட, நம்ம என்கொயரி அக்கா!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூவரில் மேலாளருக்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை.

“எல்லாம் சரிம்மா. நாலு கேள்விக்கு யாரும் பதில் சொல்லிடலாம். அங்க நாள் முழுக்கக் கூட்டம் வந்து நிக்கும், கத்தும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கும். அவ்வளவு பேச்சு உங்களால பேச முடியுமா?”

உள்ளே கீபோர்டு தட்டப்படும் சத்தம் கேட்டது. சாவிக்காரர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சார், என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுறதே வாயாடின்னுதான்.”

மூன்று பேரும் சிரிப்பது வெளியே வரைக்கும் கேட்டது. “அப்ப சரி, புதன்கிழமையிலேர்ந்து கவுண்ட்டருக்கு வந்துடுங்க” என்றார் மேலாளர், சிரிப்பு அடங்காமலே. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், சாவிக்காரர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார்.