வெட்டிய இரண்டு மூலைகள்

சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வைத் தளர்த்திவிடும் ஒரு புரதத்தின் பின்னால் அவள் மூன்று வருடம் அலைந்தாள். அதை மோப்பம் பிடிக்க ஓர் ஆன்டிபாடி இருந்தது. புரதம் இருந்தால் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். அந்த ஆன்டிபாடி இருந்த குப்பியை முதல் நாளே கையில் கொடுத்தவள் ஆய்வகத்தில் மூத்தவளான அக்கா. "கண்ண மூடிட்டு நம்பு வாலு" என்றாள். மூடியில் அக்காவின் கையெழுத்தில் 'தங்கம்' என்று எழுதியிருந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதம் இருந்தது. பழைய படம் ஒன்றைத் தேடி இழுப்பறையைக் கழற்றியபோது, அதன் பின்னால் ஒரு ஃபிலிம் விழுந்து கிடந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. ஓரத்தில், 'மரபணு நீக்கிய செல்கள்.' அந்தப் புரதம் துளியும் இல்லாத செல்கள். அங்கேயும் கோடு, மை போலக் கறுப்பாக. ஆளில்லாத வீட்டைப் பார்த்தும் குரைக்கிற நாய்.

பெயர் இல்லை. ஆனால் புரதத்தை ஒற்றியெடுக்கும் சவ்வின் மங்கலான நிழலில் இரண்டு மூலைகள் வெட்டியிருந்தன. பக்கம் மாறாமலிருக்க எல்லோரும் ஒரு மூலையைத்தான் வெட்டுவார்கள். இரண்டு வெட்டுகிறவள் அக்கா மட்டும்.

"அக்கா, இது உங்களோடதா?"

அக்கா கோட்டைப் பார்க்கவில்லை, மூலைகளைப் பார்த்தாள்.

"எங்கடி கெடைச்சுது?"

"என்னன்னே கேக்கல பாருங்க."

"அப்பவே என் கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு. நான் என்ன பண்ண? உனக்கும் கோடு நல்லாத்தானே வந்துச்சு."

"இல்லாததுக்கும் வருதே!"

"கத்தாத. ஆய்வேட்டக் குடுத்துட்டுப் போய்ட்டே இரு. யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாத்தீங்கல்ல? பாத்துட்டுத்தான் தினம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களா?"

அக்கா கையுறையின் விரல்நுனியை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

இளையவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். 'தங்கம்' மேல் டேப் ஒட்டி, 'இல்லாததையும் காட்டும், நம்பாதே' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தும் தேதியும் போட்டாள். ஃபிலிமை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறையை நோக்கி நடந்தாள்.

"வாலு, உன் மூணு வருஷமும் போயிடும்டி!"

"தெரியும்க்கா."

பழக்கதோஷத்தில் அந்த 'அக்கா' வாயில் வந்துவிட்டது. கதவைத் தட்டும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.