சத்தம் நின்ற கிரவுன்

சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பனுக்குக் கார் ஆசை. பெட்டி பெட்டியாக உதிரிபாகம் வரவழைத்து, வீரபாண்டியில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கோக்கச் சொன்னார். பாடி பைபர், எடையே இல்லை. என்ஜினோ நானூறு குதிரை சக்தி. பின்பக்கக் கிரவுன் மட்டும் பழைய ஜீப்பில் கழற்றியது. என்ஜின் இழுக்கிற இழுப்பையெல்லாம் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பல்சக்கரப் பெட்டி அது.

"மாட்டுவண்டி அச்சுல லாரி பாரம் ஏத்தறோமுங்க" என்று மேஸ்திரி கலீல் பாய் அன்றைக்கே சொன்னார்.

முதலாளி சிரித்தார். "ஏனுங்க பாய், நீங்க தொட்டா இரும்பே பயந்துக்குமுங்க."

முதல் ஓட்டத்திலேயே பல் உடைந்தது. வேறு கிரவுன் போட்டோம். அது உடையவில்லை, ஊளையிட்டது. பாய் திரும்பத் திரும்ப இறக்கி, பல்லுக்குப் பல் இடைவெளி சரியாக வாசர் மாற்றி மாற்றிப் பூட்டினார். வேகம் ஏற ஏற அதே ஊளை.

"சொந்தக்காரங்க முன்னால ஓட்டோணுமுங்க. மானம் போயிருமுங்க" என்று முதலாளி சலித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பாய் வண்டியைக் கிளப்பித் தெருவில் ஒரு சுற்று வந்தார். சத்தமே இல்லை. காலை வரை கத்தினது எதற்கு இப்போது வாயை மூட வேண்டும்?

"கடைசியா வெச்ச வாசர் கேட்டுக்கிச்சு, மூக்கையாண்ணே!" பாய் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"முதலாளியே வந்து ஓட்டட்டுமே பாய்."

"நான் மிதிச்சுப் பாக்காத வண்டிக்குச் சாவி குடுத்ததில்லண்ணே. மங்கலம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

போய்விட்டார். வெல்டர் முனீஸ் ஓரமாக நின்று இளித்தான். அவனும் என்னைப் போலத் தெற்கத்திக்காரன்.

"என்னலே சிரிப்பு?"

"வாசராவது ஒண்ணாவது! நாந்தாம்லா அத ஊமையாக்குனேன். பழைய லாரி விக்குத புரோக்கர் சத்தம் அமுங்க மரத்தூள் போடுவாம்லா? இங்கதான் பனியன் வேஸ்ட் மலையா கெடக்கே. பாய் தொழப் போன நேரம் கிரவுன் மூடியத் தெறந்து அமுக்கிட்டேன். மனுசன் மொகம் வாடிக் கெடந்தாரேன்னு..."

துணி எண்ணெயைக் குடிக்கும். திரிதிரியாகி பேரிங் வழியை அடைக்கும். விற்கிற லாரி சந்தை வரை உருண்டால் போதும். இது அப்படியா? காய்ந்த இரும்பு சூடேறிப் பிடித்தால் இரண்டு பின்சக்கரமும் ஓடுகிற ஓட்டத்தில் நின்றுபோகும்.

"போன் போடுல பாய்க்கு!"

மணி போனது. எடுக்கவில்லை. அந்த என்ஜின் இரைச்சலில் எங்கே கேட்கப்போகிறது? பைக்கை முறுக்கினேன். முனீஸ் பின்னால் உட்கார்ந்து விடாமல் போன் அடித்துக்கொண்டே வந்தான்.

மங்கலம் நெருங்கும்போது கருகின எண்ணெய் வாடை. பிறகு தார்மேல் இரண்டு கறுப்புக் கோடு, நேராகப் போய்ச் சட்டென்று குறுக்கே திரும்பி, ரோட்டோரப் பள்ளத்துக்குள். பைக்கை நிறுத்தினேன்.

அப்போதுதான் போனை எடுத்தார்கள். பெண் குரல்.

"ஏனுங்க, இந்த போன்காரரு உங்க ஆளுங்களா? பக்கத்துல இருக்கறீங்களா? வெரசா வாங்க சாமி. பேச்சு மூச்சு இல்லீங்க..."

முனீஸ் போனை என் கையில் திணித்தான்.

"நீங்க பேசுங்க அண்ணாச்சி."