மௌன வகுப்பு

மாடியில் தொம்மென்று ஒரு சத்தம். அடுத்த நொடியே, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல, தொம் தொம் தொம்மென்று வரிசையாக இன்னும் பல. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"மாடியில என்ன, மூட்டை இறக்கறாங்களா?" என்றாள் அத்தை. "கூரை இடிஞ்சு விழுந்தா உங்கப்பன் மூச்சை அடக்கியே தாங்கிப் பிடிச்சிடுவானோ?"

மகள் அடுப்பைப் பார்த்தாள். பால் இன்னும் பொங்கவில்லை. அப்பா மாடிக் கூடத்தில் யோகா வகுப்பு எடுக்கும் நேரம்தான் அவளுக்கும் அத்தைக்கும் காப்பி நேரம். அவர் இறங்கி வருவதற்குள் குடித்து, கழுவி, ஜன்னலைத் திறந்து வாசனையை விரட்டியாக வேண்டும். அந்த வீட்டில் காப்பிக்குத் தடை வந்து பல வருஷமாயிற்று.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் குனிந்து குனிந்தே இடுப்பு ஒருநாள் பூட்டிக்கொண்டது. கத்தி வைத்தால்தான் நிமிரலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரோ யோகா வகுப்புக்கு இழுத்துப் போனார்கள். நிமிர்ந்துவிட்டார். நிமிர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. எழுந்ததும் வெந்நீர், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு என்று மொத்த வீட்டையும் நிமிர்த்தப் பார்த்தார். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்த மனுஷன், எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் படியில்தான் ஏறினார். அக்கம்பக்கத்தில் அவருக்கு மூச்சு மாஸ்டர் என்று பெயர்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடி. பக்கத்து வீட்டுக்காரன் இப்ப சண்டைக்கு வருவான்."

"இன்னைக்கு மௌன வகுப்பு அத்தை. உள்ள யாரும் வாயே திறக்கக்கூடாது. அப்பா என்ன பண்றாரோ அதைப் பார்த்து அப்படியே பண்ணணும், அவ்வளவுதான்."

"ஊமைக்கூத்து! அதுக்கு இவ்வளவு சத்தமா?"

மகள் அடுப்பைக் குறைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

எல்லோரும் அவரவர் விரிப்பில் மல்லாந்து கிடந்தார்கள். கைகள் பக்கத்தில், உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி. முன்னால் ஜன்னலோரம் அப்பா. வாசலிலிருந்து அவருடைய பாதங்களும் மடிந்த வேட்டி நுனியும்தான் தெரிந்தன. சவாசனம் கடைசியில்தானே வரும், இன்றைக்கு என்ன இத்தனை சீக்கிரம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கீழேயிருந்து பால் தீயும் வாடை. தாழ்ப்பாள் சத்தம் போடாதபடி, இரண்டு கையாலும் பிடித்துக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

"என்ன பண்றாங்க?"

"எல்லாரும் சுகமா படுத்திருக்காங்க."

"கொடுத்து வெச்சவங்க" என்றாள் அத்தை, டம்ளரை நீட்டியபடி.

இரண்டாவது டம்ளர் பாதி இருக்கும்போதுதான், வகுப்புக்கு வரும் பேக்கரிக்காரரின் குரல் மாடியிலிருந்து கேட்டது. "மாஸ்டர்! மாஸ்டர்!" மௌன வகுப்பில் யாரோ கத்துகிறார்களே என்பதுதான் அவள் மனதில் முதலில் ஓடியது.

அடுத்த தெரு டாக்டர், வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். மண்டியிட்டார், அமுக்கினார், ஊதினார், மறுபடியும் அமுக்கினார். கடைசியில் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "விழுந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார்.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் நரைத்த தலைகள். பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவர்களைப்போல நின்றார்கள்.

"விழலை சார்" என்றார் ரிட்டையரான பேங்க் மேனேஜர். "சர்வாங்காசனத்துல இருந்தார். காலை அப்படியே மேலேருந்து கீழ போட்டார். நாங்களும் போட்டோம். அப்புறம் படுத்துட்டார். நாங்களும்..."

"படுத்துட்டீங்க."

"மணி அடிச்சாத்தான் எழுந்திருக்கணும். மாஸ்டர் மணி அடிக்கவே இல்லை."

"மாரடைப்புதான். உடனே ஒருத்தர் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் மகளைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

விழுங்கிய அந்த மீதிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பார்த்திருந்தா. அவள்தான் பார்த்தாளே.

அப்பாவைக் கீழே கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. மகளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போட்ட நாற்காலிகளை எடுத்து வேறு வரிசையில் போட்டாள். கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். பால் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கப் போய், அதைத் தொட முடியாமல் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். யாராவது கையைப் பிடித்து அழ வந்தால், "இதோ வந்துடறேன்" என்று நழுவினாள். மாடிக்கு ஏறினாள். விரிப்புகள் கிடந்த மேனிக்கே கிடந்தன. கதவருகே போய் நின்று ஒரு சாண் திறந்து பார்த்தாள். அங்கிருந்து அப்பாவின் விரிப்பில் பாதிதான் தெரிந்தது. இன்னும் ஒரு அடி உள்ளே வந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். ஒரே ஒரு அடி. இறங்கினாள்.

முன்னறையில் மேனேஜர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "யோகியோட சாவு சார் இது. ஆசனத்துலயே பிராணன் போயிருக்கு. ஒரு முனகல் இல்லை, ஒரு அசைவு இல்லை. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"யோகியாம்!" அத்தை மூக்கைச் சிந்தினாள். "நேத்து என் தட்டுல இருந்த கேக்கை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, பொண்ணுகிட்ட சொல்லிடாதேக்கான்னு கெஞ்சினான் உங்க யோகி." சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. தம்பியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

மகள் மேனேஜரைத் தனியாக அழைத்தாள்.

"சார், நான் கதவைத் திறந்து பார்த்தேனே, அப்போ அப்பா..."

"திறந்தியாம்மா? எனக்குத் தெரியாதே. நான் கண்ணை மூடிட்டேன்." அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. "அமைதியாத்தாம்மா போனார். அதை மட்டும் நெனச்சுக்கோ."

இன்னொருவரைக் கேட்டாள். அவரும் அமைதியாத்தான் என்றார். அதற்கடுத்தவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். பாடம் பண்ணிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. கேட்கக் கேட்க மாணவர்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் நகர்ந்தார்கள். தெருவில் கூட்டமாக நின்றார்கள். அவள் வாசலுக்கு வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்னடி எல்லாரையும் போலீஸ்காரன் மாதிரி குடையறே?" அத்தை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் பார்த்தேன் அத்தை. கதவைத் திறந்து பார்த்தேன். பார்த்துட்டு, சத்தம் வராம சாத்திட்டு வந்தேன்."

"உனக்கென்ன தெரியும், ஜோசியமா?"

"அப்போ அவருக்கு உயிர் இருந்திருந்தா?"

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். அவிழ்ந்திருந்த அவள் தலைமுடியை அள்ளி, ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டாள். "காப்பி போடுன்னு சொன்னது நான்தான்" என்றாள் மெல்ல.

வண்டி வந்தது. வந்தவர்கள் தூக்கிப் போனார்கள். அத்தைக்குத் துணையாக அவள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். தெரு முனையில் வண்டி திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தபோதுதான் மாடிப்படியில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

பெரிய உடம்பு. படியை முழுதாக அடைத்துக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே மக்கு மாணவர் அவர்தான். சிரசாசனத்துக்குக் காலைத் தூக்கினால் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல முடியாது. அதனாலேயே அப்பா அவரைத் தனக்குப் பக்கத்து விரிப்பில் போட்டு வைத்திருந்தார்.

"நீங்க வண்டியோட போகலையா அண்ணே?"

இல்லை என்று தலையசைத்தார்.

"கடை?"

"திறக்கலை."

அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம்னு சொல்றாங்க" என்றாள். "நீங்களுமா?"

பேக்கரிக்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மௌன வகுப்புல யாரும்மா கண்ணை மூடுவாங்க? மூடினா மாஸ்டர் என்ன பண்றார்னு எப்படித் தெரியும்?"

அவள் கால் நின்றது.

"நீ கதவைத் திறந்ததை நான் பார்த்தேன். பார்த்துட்டு மெதுவா சாத்தினே. மனசுல போட்டுக் குழப்பிக்காதே. அப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க அண்ணே."

"ஆறுதல் இல்லைம்மா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

வெளியே யாரோ வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலியும் ஏறி அடங்கியதும், "யாரும் வெளிய சொல்லக்கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்" என்றார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி மாஸ்டர் கையைத் தூக்கினார்மா. என் பக்கமா. மெதுவா, இவ்வளவு உயரம். நாங்க எல்லாரும் தூக்கினோம். அது கீழ விழுந்ததும், நாங்களும் இறக்கிட்டோம்."