மேலிடத்தில் ஓர் ஆள்

தையல்காரர் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் ஏதோ மரியாதைக்கு அசைந்தது. துணி வெட்டும் கத்தரி நரம்பில் இறங்கி, ஆபரேஷன் முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. "ஒரு மாசத்துக்குள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டப் பாருங்க. கையை மறுபடி வேலைக்குப் பழக்குவாங்க. விட்டா விரல் இப்படியே இறுகிடும்" என்று டாக்டர் சொல்லி இருபத்தாறு நாள் ஆகிவிட்டது.

இருபத்தாறு நாளையும் விழுங்கியவர் மனைவியின் அண்ணன். குடியிருப்போர் சங்கத்தில் எட்டு மாதம் செயலாளராக இருந்தவர்; பதவி போய்ப் பதினோரு வருடமாகியும் 'செக்ரட்டரி' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். தங்கை இன்சூரன்ஸ் அட்டையைத் தொட்டாலே, "நீ எதுக்கும்மா போன் பண்ணிக்கிட்டு? மேலிடத்துல நமக்கு ஆள் இருக்கு" என்பார். அந்த மேலிடம் ஒருவழியாக நேற்று அசைந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய மையத்தில் இன்று பத்து மணிக்கு நேரம்.

வரவேற்பு மேஜையில் செக்ரட்டரி அட்டையை வைத்த தோரணைக்கே நாற்காலி போட்டிருக்க வேண்டும். "நம்ம ஆள் பேசியிருப்பாரே?"

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "சார், இந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுக்கறோம். ஆனா அதுல உங்க திட்டத்த எடுக்கறதில்ல."

"கம்பெனி ஒண்ணுதானேம்மா?"

"கம்பெனி ஒண்ணுதான் சார். திட்டம் ஆறு. உங்களது இங்க செல்லாது. முழுப் பணமும் நீங்கதான் கட்டணும். வாரம் மூணு தடவை, ரெண்டு மாசம்."

"நாலு நாள்தான் இருக்கு, மச்சான்" என்றார் தையல்காரர். குரலில் கோபம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

செக்ரட்டரி மேலிடத்துக்குப் போன் போட்டார். மூன்றாம் முறை எடுத்த மேலிடம், "இன்சூரன்ஸ் எடுப்பாங்களான்னு கேட்டீங்க, எடுப்பாங்கன்னேன். எந்தத் திட்டம்னு நீங்க சொல்லவே இல்லையே!" என்று வைத்துவிட்டது.

தங்கை அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பின்பக்கத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். பதினேழு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு அந்தத் திட்டத்தில் உள்ள மூன்று தெரபிஸ்ட்டுகளின் எண்களைக் கொடுத்தார்கள். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாமவர் ஊரை விட்டே போய்விட்டார். மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.

"திட்டத்தோட பேரைச் சொல்றேன். உங்ககிட்ட செல்லுமா?"

"செல்லும்மா. டாக்டர் கடிதம் வேணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கம்பெனி அனுமதியும் வரணும். கடிதத்த இன்னைக்கே கொண்டு வந்தா நாங்களே அனுப்பிடறோம், ரெண்டு நாள்ல வந்துடும். அடுத்த நாள் காலைல சிகிச்சைய ஆரம்பிச்சிடலாம்."

முகவரி கேட்டாள். செக்ரட்டரி தினமும் கைவீசி நடக்கப் போகும் தெருதான். மருந்துக்கடை மாடி.

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த போர்டைத் தினம் பாக்கறேம்மா. மாடியேறிக் கேட்டா கௌரவக் குறைச்சல்னு இருந்துட்டேன். மாப்ளையோட விரலைக் கொடுத்து என் கௌரவத்தக் காப்பாத்தியிருக்கேன்."

"இனிமே யாருக்காவது உதவணும்னா இதைச் சொல்லுண்ணே" என்றாள் தங்கை. "கம்பெனி பேர் மட்டும் போதாது. திட்டத்தோட பேரைச் சொல்லி, கம்பெனியிலயும் கேக்கணும், சிகிச்சை தர்ற எடத்துலயும் கேக்கணும். முன்அனுமதி வேணுமான்னு கேக்கணும். யார் சொன்னாங்கன்னு எழுதி வச்சுக்கணும். இதுக்கு மேலிடம் எதுக்கு? வாய் இருந்தா போதும். வா, டாக்டர் கிளம்பறதுக்குள்ள கடிதம் வாங்கணும்!"