வெளிச்சம் பட்ட பிறகு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் தங்கை சசிரேகா பெங்களூரில் ஆய்வாளர். "இந்த வாரந்தான் மெஷின் என் கைக்கு வந்திருக்கு, வர முடியாதுக்கா" என்று போனை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அம்மா குன்னூர் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குத் தந்திருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அருவங்காட்டில் என் வீட்டில் அவளுக்கு அறை தயார். அம்மாவோ ஒரே பிடிவாதம்: "சின்னவ பொறந்த வீடு. அவ வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாத்தான் பூட்டுவேன்."

நேரில் திட்ட முடியாதவர்களை எழுதித் திட்டலாம். இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே வசதி அதுதான்.

2

முதல் தொடக்கம்: தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயிலைச் சிறுமி சசிரேகா கையால் பிடிக்க

[வேண்டாம். விஞ்ஞானியின் சிறுவயதுக்கு எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள். எங்கள் ஓட்டையில் வந்தது மழை. அம்மா அடியில் குண்டான் வைப்பாள்.]

அது சொட்டும் சத்தத்தில் மூவரும் ஒரே கம்பளிக்குள் தூங்கினோம். சசி என் வயிற்றில் கால் போட்டுக்கொள்வாள். அந்தக் கனம் வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

3

அவள் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. சில அணுக்களின் தடிமனே உள்ள குறைக்கடத்தித் தகடு*. அதன்மேல் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான் இடம்விட்டு ஓடும். அது விட்டுப்போன காலியிடமும் நகரும். அந்த ஓட்டத்தைத்தான் படம் பிடிக்கிறாள்.

அம்மாவிடம் விளக்கினேன். மறுநாளே லயம் முழுக்கச் சேதி, சின்னவள் ஸ்டுடியோவில் இருக்கிறாளாம். அம்மா என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டாள்: "இத்தன வருசமா ஒரே படமா எடுக்குறா? யாரு கண்ண மூடிக்கிறாங்களாம்?"

* தங்கையின் திருத்தம்: "தகடு இல்லக்கா, படலம்னு போடு. மானம் போவுது."

4

எலக்ட்ரானை வீட்டைவிட்டு ஓடிய பெண்ணாகவும், காலியிடத்தை அம்மாவாகவும் எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. சசிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"எலக்ட்ரானுக்கு அம்மா கிடையாதுக்கா. எனக்கு இருக்கு. ரெண்டையும் கொழப்பாத." பிறகு குரல் இறங்கியது. "அது ஓடுற வேகத்துக்கு ஒரே ஓட்டத்த முழுசாப் பாக்க முடியாது. ஒரு வெளிச்சத்தப் போட்டு ஓட விடணும். இன்னொன்னப் போட்டு எங்க இருக்குன்னு பாக்கணும். திரும்ப மொதல்லருந்து, கொஞ்சம் தள்ளி. எல்லாத்தையும் அடுக்கினாத்தான் ஓட்டம் தெரியும். நடுவுல விட்டுட்டு வந்தா அத்தனையும் போச்சு. எனக்கு மட்டும் அங்க வர ஆச இல்லயா?"

அழுதாள் என்று எழுதலாம். மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

எழுதியதை எல்லாம் அடித்தேன். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை, ஆனால் எழுதத் தடையில்லை. அவள் முறையிலேயே எழுதுகிறேன்.

5

வெள்ளிக்கிழமை. சாமான்கள் மூட்டையாகிவிட்டன. தேத்தண்ணிக் கேத்தலும் ஒரு டம்ளரும் மட்டும் வெளியே.

வெள்ளிக்கிழமை, கொஞ்சம் தள்ளி. சூப்பர்வைசர் அருள்ராஜ் வாசலில் நிற்கிறார். "ஏனுங்கம்மா, சாவியக் குடுத்தர்றீங்களா?" "கொஞ்சம் பொறுங்க தம்பி, ஊட்டி பஸ்ஸு வாற நேரம்."

வெள்ளிக்கிழமை, இன்னும் கொஞ்சம் தள்ளி. சரிவுக்குக் கீழே பஸ் நிற்கிறது. அம்மா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்க்கிறாள். கதவு திறக்கிறது. யாரோ இறங்க

6

[இறங்கியவள் சசிரேகா.] அடித்துவிட்டேன். அவளுடைய இத்தனை வருட உழைப்பைக் கொட்டிக் கவிழ்க்க நான் யார்?

[இறங்கியது கீழ் லயத்து வீரம்மா, காய்கறிப் பையோடு.] இதை எழுதிய கையோடு அடித்தேன்.

இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவள் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் மட்டும், தயவுசெய்து, அந்தச் சரிவில் ஏறிப் போய் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் ஆகாது.