மான் பூங்காவில் இருபது நிமிடம்

சவப்பெட்டியின் முன் மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டபோது க்ளைவுக்கு அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. பக்கத்தில் தோள் கொடுத்தவர் இறுதிச் சடங்கு நிறுவனத்து ஆள். "இடது கால் முதல்ல சார், மெதுவா" என்று காதோரம் சொன்னார். வென்ஃபோல்ட் ஊர் தேவாலயத்துக்குள் ஆறு பேருமாக நடந்தார்கள். முதல் வரிசையில் க்ளைவின் மனைவி ரோசலிண்ட் திரும்பாமல் நின்றாள்.

பாதிரியார் ஜூடித் அம்மாளுக்கு ரோசலிண்டின் அப்பா பெர்னார்டை நன்றாகத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்புதான் லண்டன் குரோய்டனில் மகள் வீட்டுக்குப் போனார். "இந்த ஊர்ல பெர்னார்டைக் கடிக்காத நாய் கிடையாது" என்று ஜூடித் அம்மாள் சொன்னதும் ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன மாசம் கடைசியா ஒரு தடவை ஊரைப் பாக்க வந்தார். சந்தையைச் சுத்தினார். பூங்காவில மான் கத்துறதைக் கேட்டுக்கிட்டே, மருமகனோட கையைப் பிடிச்சபடி கண்ணை மூடினார். இதைவிட நல்ல சாவு யாருக்குக் கிடைக்கும்?"

ரோசலிண்டின் கை க்ளைவின் கையைத் தேடி வந்து இறுக்கிக்கொண்டது. அவன் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்பக்கம் திரும்பினான். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, பழுப்பு மேல்கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்று பெர்னார்டின் பக்கத்தில் புல்லில் மண்டியிட்டிருந்தவள். அன்று அவளோடு இருந்த நாய் மட்டும் இல்லை. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவசரமாக முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெர்னார்ட் இறந்த அந்தச் சனிக்கிழமை, காலையில் காரில் ஏறியதிலிருந்தே அவர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் ஒருதரம் "மூச்சு முட்டுற மாதிரி இருக்கு மாப்ளே" என்று கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். க்ளைவ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வானொலியின் ஒலியைக் கூட்டினான். கேட்டால் திரும்பிப் போக வேண்டிவரும். ரோசலிண்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். "ஒரே ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டுப் போ, க்ளைவ்" என்று மூன்று வாரமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சந்தைச் சதுக்கத்தில் பாலாடைக்கட்டிக் கடைக்காரரிடம் பெர்னார்ட் அரை மணி நேரம் நின்றார். பிறகு ரொட்டிக் கடை. பிறகு யாரோ ஒருவருடைய மனைவியின் இடுப்பு ஆபரேஷன். எல்லோரிடமும் "இவன்தான் என் மாப்ளே, லண்டன்காரன், நடக்கச் சொன்னா அழுவான்" என்று அறிமுகம் வேறு. மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பந்தாட்டம் தொடங்கும். மூலையிலிருந்த மதுக்கடைக்குள் பெரிய திரையில் ஆட்கள் ஏற்கெனவே கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

"பூங்காவுக்குப் போய்ட்டு வந்துடலாம்டா. இப்ப ஆண் மானெல்லாம் மதம் பிடிச்சுக் கத்தும். பத்தே நிமிஷம்."

"உங்க பத்து நிமிஷம் காலையிலேருந்து நடந்துகிட்டிருக்கு, பெர்னார்ட்."

"கேட்டதில்லையே நீ. ஏப்பம் விடுற மாதிரி இருக்கும்."

"உங்களுக்குக் கால் இருக்கில்ல? போய்ட்டு வாங்க. நான் ஒண்ணும் உங்க வேலைக்காரன் இல்ல."

பெர்னார்ட் அவனை ஒரு கணம் பார்த்தார். கோபப்படவில்லை. "சரி மாப்ளே. நீ உன் பியரைக் குடி" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றிக் கிளம்பினார். தேவாலயத்தை ஒட்டிய சந்தில் திரும்புமுன் ஒருதரம் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அதையும் க்ளைவ் பார்த்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது அவனுக்கு அப்படி ஒரு நிம்மதி. முதல் கோப்பை முடிந்ததும், போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. இரண்டாவதை வாங்கினான். அது பாதியில் இருக்கும்போது ஆம்புலன்ஸ் சதுக்கத்தைத் தாண்டிப் போனது.

அவன் பூங்காவுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பச்சை உடை போட்ட ஆம்புலன்ஸ் ஆட்கள் நிமிர்ந்து நின்றிருந்தார்கள். பழுப்புக் கோட்டுக்காரி மட்டும் இன்னும் மண்டியிட்டபடி கிழவரின் கையைப் பிடித்திருந்தாள். ரோசலிண்டுக்குப் போன் செய்து சொன்னான். "நீ கூட இருந்தியா?" என்றாள் அவள்.

"ஆமா."

அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் அவளாகவே கேட்டாள். வலிச்சுதா? இல்லை. கையைப் பிடிச்சுக்கிட்டியா? ஆமாம். ஏதாவது சொன்னாரா? மானைப் பத்திச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது பாதிரியாரின் வாய்வரை போய்விட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். க்ளைவ் சாண்ட்விச் தட்டை வேண்டாத இடங்களுக்கெல்லாம் எடுத்துப்போய்க்கொண்டிருந்தான். கதவருகே அந்தப் பெண் வழிமறித்தாள்.

"மிஸ்டர் பெட்டிஃபர். நான் டான்ஸ்லி."

"ஞாபகம் இருக்கு."

"நான் எதுவும் சொல்ல வரல. பயப்படாதீங்க." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "உங்களைத் தனியாப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். பெஞ்சில சாய்ஞ்சு உக்காந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. தனியாவா வந்தீங்கன்னு கேட்டேன். 'இல்லம்மா, என் மாப்ளே கார் நிறுத்த இடம் தேடிட்டிருக்கான். சந்தை நாளாச்சே, வந்துடுவான்'னார். ரெண்டு தடவை சொன்னார்."

கார் காலை பத்து மணிக்கே நிறுத்தியாகிவிட்டிருந்தது. க்ளைவ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நேரம் இருந்தாரா?"

"இருபது நிமிஷம். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே…" அவள் முடிக்கவில்லை.

அதற்குள் ரோசலிண்ட் வந்துவிட்டாள். "இவங்க யாரு, க்ளைவ்?"

"அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவங்க."

ரோசலிண்ட் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். "நீங்களும் இவனும் இல்லேன்னா எங்கப்பா தனியாப் போயிருப்பார்." திருமதி டான்ஸ்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கண் தரையிலேயே இருந்தது. சீக்கிரமே நாயைச் சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும், "அந்த இடத்தைப் பாக்கணும்" என்றாள் ரோசலிண்ட்.

"உன் செருப்பு நனைஞ்சுடும்."

"நனையட்டும்."

உயர்ந்த மதிலில் இருந்த சின்னக் கதவு வழியாகப் பூங்காவுக்குள் போனார்கள். மழை விட்டிருந்தது. தூரத்துச் சரிவில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கத்தும் பருவம் முடிந்துவிட்டதால் சத்தமே இல்லை. ஓக் மரத்தடிப் பெஞ்சை அவன் காட்டினான். ரோசலிண்ட் கையுறையால் ஈரத்தைத் துடைத்தாள், முழு நீளத்துக்கும். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா எந்தப் பக்கம் உக்காந்திருந்தார்? நீ எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள். பெஞ்சில் அவளும் உட்கார்ந்து, அப்பா உட்கார்ந்திருந்த பக்கத்தில் கையை வைத்துக்கொள்வாள். 

"நான் உக்காரல, ரோஸ்."

"நின்னுட்டிருந்தியா?"

"நான் இங்கேயே இல்ல. அந்தம்மாதான் இருந்தாங்க. கையைப் பிடிச்சிருந்ததும் அவங்கதான்."

காற்றில் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ரோசலிண்ட் ஈரக் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"எங்க இருந்தே?"

"மதுக்கடையில. நான்தான் அவரைப் போங்கன்னு அனுப்பிட்டேன். கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன்."

"பந்தாட்டமா?"

"ம்."

"யார் ஜெயிச்சா?"

"தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள், கடைக்காரர் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னதைக் கேட்பதுபோல. காரில் நெஞ்சைத் தேய்த்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தான். "அவர் காலையிலேயே…"

"இப்ப வேணாம்" என்றாள். பெஞ்சில் உட்காரவில்லை. ஏரியை நோக்கி இறங்கும் பாதையில் நடக்கத் தொடங்கினாள். அடக்கத்துக்கென்று வாங்கிய கறுப்புச் செருப்பு ஒவ்வொரு அடியிலும் மண்ணில் புதைந்து வெளியே வந்தது. அவன் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனான்.

சரிவிலிருந்து மான் கூட்டம் ஒன்று இறங்கிவந்து அவர்களுக்கு நடுவே பாதையைக் கடக்க ஆரம்பித்தது. பெண் மான்கள், அவற்றின் பின்னால் இந்த வருடத்துக் குட்டிகள், அவசரமே இல்லாமல். க்ளைவ் நின்றான். அந்தப் பக்கம் ரோசலிண்டும் நின்றிருந்தாள், முதுகைக் காட்டியபடி. அவனுக்காக நிற்கிறாளா, ஏரியைப் பார்த்து நிற்கிறாளா என்று தெரியவில்லை. மான்கள் வந்துகொண்டே இருந்தன.